மண்ணும் மகளும்

குடும்பத் தலைவர் கண் மூடுகிறார். ஒப்பாரி ஓயுமுன்னே, வந்த உறவினர் விடைபெறுமுன்னே, திண்ணையிலே கணக்குத் துவங்கிவிடுகிறது. நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, கிணற்றிலே யாருக்கு எத்தனை பங்கு, தோப்பின் பத்திரம் எவர் பெட்டியில் என்று பேச்சு நீளுகிறது. அந்தத் திண்ணையிலே ஆடவர் அமர்ந்திருப்பர். இறந்தவரின் துணைவியும் மகளும் உள்ளே, விளக்கடியில் அழுதுகொண்டிருப்பர். அழுவது அவர்களுக்கு விதித்த கடமையாம். ஆள்வது மற்றவருக்கு விதித்த உரிமையாம்! விதித்தது யார்? எப்போது? எந்த நெறிப்படி? இதனைக் கேட்டிடும் துணிவு இந்த நாட்டுப் பெண்டிர்க்கு இல்லாமற்போகவில்லை. கேட்டவர்கள் இருந்தனர். கேட்டுக்கேட்டு, கடல் கடந்த மன்றம் வரையில் வழக்காடி வென்றவர்களும் இருந்தனர். அந்த வரலாற்றைத்தான் நாம் இங்கு எண்ணிப் பார்த்திட விரும்புகிறோம்.

சிவகங்கைச் சீமையின் பெயரைக் கேட்டதும் நமது நெஞ்சிலே வீரம் சுரக்கிறது. 1730 அளவில் சசிவர்ணத் தேவரின் ஆட்சியிலே தனிச் சீமையாக அமைந்த மண் அது. 1772-இல் காளையார்கோவிலிலே முத்துவடுகநாதர் வீழ்ந்தார். அவருடைய துணைவியார் வேலு நாச்சியார் ஒடுங்கி ஒளிந்துவிடவில்லை. படை திரட்டினார், 1780-இல் சீமையை மீட்டார், அரசியாக அமர்ந்தார். பின்னர் மருது சகோதரர்கள் வெள்ளையரை எதிர்த்தனர்; 1801 அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரிலே தூக்கிலிடப்பட்டனர். பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த வரலாறு இது. ஆனால் தூக்குக் கயிற்றுக்குப் பிறகு அந்த மண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கம்பெனியார், பழைய ஆளும் மரபு அற்றுப்போயிற்று என்று கூறி, சீமையைத் தமதாக்கிக் கொண்டனர். கௌரி வல்லப உடையாத் தேவர் என்பவரை 1801-இல் அதற்கு உரியவராக அறிவித்தனர். 1802-ஆம் ஆண்டு நிரந்தர நிலவரித் திட்டத்தின்படி 1803-இல் அவருக்குச் சன்னது தரப்பட்டது. ஆண்டுதோறும் குறித்த பேஷ்குஷ் தொகையைக் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் நிலம் ஏலத்துக்கு வரும். நேற்று வரையில் படை நடத்திய சீமை, இன்று பத்திரத்திலே எழுதப்பட்ட சொத்தாயிற்று. அரசு சொத்தானதும், வாளுக்கு இருந்த வேலை வழக்கறிஞரின் பேனாவுக்கு வந்து சேர்ந்தது!

1829-இல் கௌரி வல்லபர் மறைந்தார். அவருக்கு ஆண் மகவு இல்லை. மனைவியர் மூவர் உயிருடன் இருந்தனர்; மக்களிலே பெண்கள் இருந்தனர். அவருடைய உடன்பிறந்தார் ஒய்யாத் தேவர் முன்னரே இறந்துவிட்டார். ஆனால் ஒய்யாத் தேவருக்கு ஆண் மக்கள் உண்டு. அவர்களில் மூத்தவரான முத்துவடுகநாதத் தேவர், ஜமீன் தமக்கே உரியது என்று கூறி அதனைக் கைக்கொண்டார். ஈராண்டுகளில் அவரும் மறைய, அவருடைய மகன் கைக்கு அது போயிற்று.

வேலு நாச்சியார் ஆண்ட அதே சீமை! ஒரு பெண் வாளேந்தி மீட்ட அதே மண்! அங்கேதான் கேட்கப்பட்டது, 'பெண்ணுக்கு மண் உண்டா?' என்ற கேள்வி.

இந்தக் கேள்விக்குச் சாத்திரம் தந்த விடை எளிதாக இல்லை. தென்னாட்டு நீதிமன்றங்கள் இந்துக்களுக்கு உரிய சட்டமாகக் கொண்டது மிதாட்சரம் எனும் உரைநூலை. அதன்படி, பிரியாத குடும்பத்திலே ஆடவர் அனைவரும் பிறப்பினாலேயே பங்காளிகள். ஒருவர் இறந்தால் அவருடைய பங்கு எஞ்சிய ஆடவருக்குச் சேரும். மனைவிக்குச் சோறும் துணியும் மட்டும் உண்டு. பிரிந்து வாழ்ந்த ஒருவர் மகனின்றி இறந்தாலோ, முதலில் மனைவிக்கும், பின்னர் மகளுக்கும், அதன்பின் மகள் வயிற்றுப் பேரனுக்கும் சொத்துச் சேரும். ஆக, பெண்ணின் வாழ்வு ஒரே சொல்லிலே தொங்கிற்று: பிரிந்த குடும்பமா, பிரியாத குடும்பமா?

முத்துவடுகநாதரின் தரப்பினர், 'அண்ணனும் தம்பியும் பிரிந்தாரல்லர், குடும்பம் ஒன்றே, எனவே ஜமீன் ஆண் வழியிலே எமக்கு' என்றனர். அங்கமுத்து நாச்சியார் என்ற கைம்பெண் எழுந்து மறுத்தார். 'குடும்பம் எப்படியேனும் இருக்கட்டும். இந்த ஜமீன் பாட்டன் தேடிய சொத்தன்று. என் கணவருக்கு மட்டும் கம்பெனியார் தந்தது. அவருடைய தனிச் சொத்து' என்பது அவருடைய தரப்பின் வாதம். எவ்வளவு கூர்மையான வாதம்! கைம்பெண் என்றால் மூலையிலே முடங்கிட வேண்டும் என்று கருதப்பட்ட காலத்திலே, சாத்திரத்தையே கையிலெடுத்து அதன் வாயிலாகவே அதனை மடக்கிடும் வாதம்!

கீழ்மன்றத்திலே அவர் தோற்றார். கலங்கவில்லை, மேல்முறையீடு செய்தார். இலண்டனிலே இருந்த பிரிவி கவுன்சில்தான் அன்று இறுதி மன்றம். ஏடுகள் மொழிபெயர்க்கப்பட வேண்டும், கப்பலேற வேண்டும், ஆண்டுகள் உருள வேண்டும். முடிவைக் காணுமுன்னே அங்கமுத்து நாச்சியார் மறைந்தார். அவர் கைவிட்ட இடத்திலே, ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் வழக்கைக் கையிலெடுத்தார். அவர் புதிதாகத் தொடுத்த வழக்கு, 'முன்பே தீர்ந்துபோன செய்தி' என்று தள்ளப்பட்டது. அவரும் கலங்கவில்லை.

1863 நவம்பர் 30-ஆம் நாள் பிரிவி கவுன்சில் தீர்ப்புரைத்தது. குடும்பம் பிரியாதது என்றே கொண்டாலும், ஒருவர் தாமே தனித்து அடைந்த சொத்து, பங்காளிகளுக்குப் போகாது. வாரிசு முறைப்படி மனைவிக்கும், மனைவிக்குப் பின் மகளுக்குமே சேரும் என்பது தீர்ப்பு. 1829-இல் எழுந்த உரிமைப் பூசல், 34 ஆண்டுகளுக்குப் பின், காத்தம நாச்சியாரின் பக்கம் சாய்ந்தது. சட்டம் பயிலும் மாணவர் இன்றும் 'சிவகங்கை வழக்கு' என்று இதனைப் படிக்கின்றனர்.

வெற்றிதான். ஆயினும், எத்தகைய வெற்றி? இதனையும் நாம் ஆய்ந்திடல் வேண்டும். இலண்டன் நீதிபதிகள், பெண்ணும் ஆணும் நிகர் என்று கூறிவிடவில்லை. சொத்து எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத்தான் பார்த்தனர். அது பாட்டன் வழிச் சொத்தாக இருந்திருந்தால், அங்கமுத்து நாச்சியாருக்கும் காத்தம நாச்சியாருக்கும் சோறும் துணியும்தான்! மேலும், பெண் பெற்ற உரிமை முழு உரிமையன்று. வாழும் வரையில் ஆளலாம். தக்க தேவையின்றி விற்றல் ஆகாது. விரும்பியவருக்கு எழுதிவைத்தல் ஆகாது. அவர் மறைந்ததும் சொத்து அவருடைய வாரிசுக்குச் செல்லாது. முன்பு இறந்துபோன ஆணின் அடுத்த வாரிசைத் தேடிச் செல்லும். பெண், சொத்தின் உரிமையாளர் அல்லர். ஓர் ஆணிடமிருந்து மற்றோர் ஆணிடம் சேர்த்திடும் சுமைதாங்கி! எனவேதான் காத்தம நாச்சியார் மறைந்ததும், மகள் வழிப் பேரர்களிடையே மீண்டும் வழக்கு மூண்டது. 1881-இல் மீண்டும் பிரிவி கவுன்சில் தீர்ப்புக் கூற வேண்டியதாயிற்று.

அந்த அரைகுறை உரிமைக்கும் எத்தனை பூட்டுகள்! கைம்பெண் மறுமணத்துக்கு வழிவிட்ட 1856-ஆம் ஆண்டுச் சட்டமே, மறுமணம் புரிந்தால் முதற் கணவன் சொத்தை இழந்திட வேண்டும் என்று விதித்தது. வாழ்வு வேண்டுமா, வயல் வேண்டுமா என்று கேட்டது சட்டம். மனைவியை இழந்து மறுமணம் புரிந்த ஆணை நோக்கி அந்தக் கேள்வியை எவரேனும் கேட்டதுண்டா? கற்பைக் காரணம் காட்டிக் கைம்பெண்ணின் நிலத்தைப் பறித்திடும் முயற்சியும் நடந்தது. ஒருமுறை அவளிடம் வந்து சேர்ந்துவிட்ட சொத்தைப் பின்னர் நடத்தை குறை கூறிப் பறித்திட இயலாது என்று பிரிவி கவுன்சில் 1880-இல் கூறிய பிறகே அந்த வழி அடைபட்டது. ஒழுக்கத்தின் மீது பங்காளிகளுக்கு எத்துணை அக்கறை! அந்த அக்கறையின் அளவு, நிலத்தின் பரப்பளவைப் பொறுத்தே இருந்தது.

பக்கத்துச் சீமையான இராமநாதபுரத்திலே மற்றொரு வழக்கு. ஜமீன்தாரின் துணைவியார் பர்வதவர்த்தனி நாச்சியார், கணவர் இறந்தபின், கணவருடைய உறவினரின் இசைவுடன் ஒரு மகனைத் தத்தெடுத்தார். கணவரின் அனுமதி இன்றி எடுத்த தத்துச் செல்லாது. வாரிசில்லாச் சொத்து அரசுக்கே சேரும் என்று மதுரைக் கலெக்டரின் தரப்பு வாதிட்டது. 1868-இல் பிரிவி கவுன்சில், திராவிட நாட்டிலே நிலவும் நெறி எது என்று ஆராய்ந்தது. தத்து செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பிலே ஒரு கருத்து ஒளிவிடுகிறது: மக்களிடையே நிலைபெற்ற வழக்கம் தெளிவாக மெய்ப்பிக்கப்பட்டால், அது எழுத்திலுள்ள சாத்திரத்தையும் மிஞ்சி நிற்கும். சாத்திரம் என்றும் மாறாதது, எங்கும் பொதுவானது, எதிர்த்துப் பேசலாகாதது என்று கூறி வந்தனரே, அவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேறு வேண்டுமோ?

உயிலின் கதையையும் கூறிடல் வேண்டும். பழைய சாத்திரங்களிலே உயில் என்ற ஒன்று இல்லை. வெள்ளையர் ஆட்சியின் நீதிமன்றங்களிலே அது வேரூன்றிற்று. 1870-ஆம் ஆண்டு இந்து உயில்கள் சட்டம், சென்னை நகரம் முதலான இடங்களில், உயிலை மன்றத்திலே மெய்ப்பித்துப் 'புரொபேட்' பெற வேண்டும் என்ற முறையை இந்துக்களுக்கும் கொணர்ந்தது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் அதனைத் தொடர்ந்தது. உயில் வந்ததும் புதிய அதிகாரமும் வந்தது. கல்கத்தாவிலே பிரசன்ன குமார் தாகூர் எனும் பெருஞ்செல்வர், தம் மகன் ஞானேந்திர மோகன் கிறித்தவராகிவிட்டார் என்பதால், உயிலிலே அவருக்கு ஒன்றும் வைக்கவில்லை. மதம் மாறினால் வாரிசுரிமை போகாது என்று 1850-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியிருந்தது. சட்டம் காத்ததை உயில் பறித்திட முயன்றது. 1872-இல் பிரிவி கவுன்சில் அந்த உயிலின் பிற்பகுதி செல்லாதென்று கூறி, முதலில் குறிக்கப்பட்டவரின் ஆயுளுக்குப்பின் சொத்து மகனுக்கே சேரும் என்றது. இறந்தவரின் விருப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பது அன்று நாட்டப்பட்டது.

ஜமீன்தாரிணிகளின் வெற்றியை மட்டும் பாடிவிட்டு நிறுத்திக்கொண்டால், நாம் பாதி வரலாற்றைத்தான் கூறியவர்களாவோம். அரண்மனையிலே யார் அமர்வது என்று 34 ஆண்டுகள் பூசல் நடந்ததே, அந்த ஆண்டுகளிலெல்லாம் வயலிலே இறங்கி உழுதவன் யார்? பேஷ்குஷ் கட்டிடவும், வழக்கறிஞருக்குக் கொடுத்திடவும் பணம் எங்கிருந்து வந்தது? உழவன் அளந்த நெல்லிலிருந்துதான்! அவனுடைய பெயர் வழக்கேட்டிலே இல்லை. வாதியும் அவனல்லன், பிரதிவாதியும் அவனல்லன். ஆயினும் எவர் வென்றாலும் தோற்றவன் அவனே. 1908-ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம்தான் ஜமீன் குடிகளுக்கு நிலத்திலே நிலைத்த உரிமையை உறுதியாக்கிற்று. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் அந்த அமைப்பையே முடித்து வைத்தது. ஜமீன்கள் மறைந்தன. ஆனால் சிவகங்கையிலே எழுந்த கேள்வி மறையவில்லை. ஐந்து ஏக்கர் உடைய வீட்டிலும், அரை ஏக்கர் உடைய குடிசையிலும், 'மகளுக்கு மண் உண்டா?' என்று அது தொடர்ந்து கேட்கப்பட்டது.

1929 பிப்ரவரியிலே செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கும் ஆண்களைப் போன்றே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அன்று அதனைக் கேட்டு நகைத்தவர் பலர். நகைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் நாளிலே அது நாட்டின் சட்டமாயிற்று. ஆனால் எவ்வளவு தயங்கித் தயங்கி வந்தது, காணீர்!

1937-இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. கைம்பெண்ணுக்கு மகனுக்கு நிகரான பங்கு என்றது. ஆனால் ஆயுள் வரையில் மட்டும். அதிலும் ஒரு வேடிக்கை! விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது, அது மாகாணங்களின் அதிகாரத்தில் உள்ளது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறிற்று. உழவர் நாட்டிலே, வயல் நீங்கலாகச் சொத்துரிமை! கரும்பைக் காட்டிவிட்டுச் சக்கையைக் கையிலே கொடுத்ததுபோல. சென்னை மாகாணம் 1947-இல் தனிச் சட்டம் இயற்றித்தான் விவசாய நிலத்தையும் அதிலே சேர்த்தது.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், பெண் பெற்ற சொத்தை முழு உரிமையாக்கிற்று, சுமைதாங்கி உரிமையாளரானாள். தந்தையின் தனிச் சொத்திலே மகளுக்கும் மகனுக்கும் நிகர் பங்கு என்றது. ஆனால் பாட்டன் வழிச் சொத்திலே பிறப்புரிமை மகனுக்கே என்ற பழைய கோட்டையை இடிக்கவில்லை. தமிழ்நாட்டிலே அந்தக் கோட்டையிலே உடைப்பு ஏற்பட்டது கலைஞர் ஆட்சியிலே. 1989 மார்ச் 25 முதல் செயலுக்கு வந்த திருத்தம், அந்நாளுக்கு முன் மணமாகாத மகளிரைப் பங்காளிகளாக்கிற்று. ஆந்திரம் அதற்குச் சற்று முன்னரே அவ்வழியில் நடந்தது. நாடு முழுமைக்கும் 2005 செப்டம்பர் 9 முதல், மணமானவர் ஆகாதவர் என்ற வேறுபாடின்றி, மகளும் பிறப்பினாலேயே பங்காளியானாள். தந்தை அந்நாளில் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் ஐயத்தை அகற்றிற்று.

2022 சனவரி 20-இல் மற்றொரு தீர்ப்பு. தமிழ்நாட்டுக் குடும்பமொன்றின் வழக்கு. 1956-க்கு முன்னரே இறந்துவிட்ட தந்தையின் தனிச் சொத்து, அவருடைய ஒரே மகளுக்கா, உடன்பிறந்தாரின் மகனுக்கா என்பது கேள்வி. மகளுக்கே என்றது உச்ச நீதிமன்றம். அதற்குத் துணையாக அது எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று, 1863-ஆம் ஆண்டுச் சிவகங்கை வழக்கு! அங்கமுத்து நாச்சியார் துவங்கி, காத்தம நாச்சியார் முடித்த வாதம், ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின் எளிய குடும்பத்துப் பெண்ணுக்கு அரணாக நின்றது.

சட்டம் வந்துவிட்டது, போதுமா? போதாது, தோழர்களே! ஏட்டிலுள்ள உரிமை வயலுக்கு வந்திட வேண்டும். வழக்கு மூண்டு, மன்றம் முடிவு கூறும் வரையில் உள்ள இடைக்காலத்திலேதான் நிலம் களவுபோகிறது. அந்த இடைக்காலத்தைக் காத்திடும் வழியை ஒவ்வோர் இளைஞரும் கற்றிடல் வேண்டும். கற்றுத் தம் தமக்கைக்கும் தாய்க்கும் எடுத்துரைத்திடல் வேண்டும்.

பட்டா ஒருவர் பெயரில் இருப்பதாலேயே நிலம் முழுதும் அவருடையது ஆகிவிடாது; அது வருவாய்த் துறையின் கணக்கு. இறப்புச் சான்றும், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றும் பெற்று, வில்லங்கச் சான்றை அவ்வப்போது பார்த்து வருதல் வேண்டும். வழக்கு நடக்கும்போதே ஒருவர் நிலத்தை விற்றால், 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, வாங்கியவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே. எனினும், விற்றிடாதபடி இடைக்காலத் தடை கேட்டலும், விளைச்சல் வீணாகாதபடி மன்றத்தின் சார்பிலே ஒரு 'ரிசீவர்' வேண்டும் என்று கேட்டலும் அறிவுடைமை. உயில் வழக்காயின், எதிர்ப்புரை பதிந்து வைக்கலாம். வழக்கு முடியும் வரையில் சொத்தைப் பேணிட, பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரம் இல்லாத நிருவாகி ஒருவரை மன்றம் அமர்த்தலாம். உயிலுக்குச் சாட்சிகள் இருவரேனும் வேண்டும். உயிலைச் சுற்றி ஐயம் சூழ்ந்திருந்தால், அதனைப் போக்கிடும் பொறுப்பு உயிலைக் காட்டுபவரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே கூறியுள்ளது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. 'கண்ணே, ஒரு கையெழுத்துத்தான். பத்திர அலுவலகத்திலே ஒரு சடங்கு' என்று அண்ணன் அன்பொழுகக் கூறி நீட்டும் விடுதலைப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடல் ஆகாது. 'சீர் செய்தோமே, நகை போட்டோமே' என்பார்கள். சீர் என்பது பங்கு அன்று. 'பிறந்த வீட்டு உறவு வேண்டாமா?' என்பார்கள். உரிமையைக் கேட்டதும் அறுந்துபோகும் உறவு, உரிமையை இழந்தபின் மட்டும் நிலைத்து நின்றிடுமோ? பாசத்தைக் காட்டிப் பங்கைப் பறிப்பது, சாத்திரத்தைக் காட்டிப் பறித்ததைவிட எவ்வகையில் மேலானது?

அண்ணன் தம்பிகளாகிய இளைஞர்களை நோக்கித்தான் நாம் இறுதியாகக் கேட்கிறோம். மேடையிலே பெண்ணுரிமை பேசுகிறோம், ஏட்டிலே எழுதுகிறோம், கைதட்டுகிறோம். நம் தமக்கையின் பங்கு எந்தப் பத்திரத்திலே எழுதப்பட்டிருக்கிறது? அவர் வழக்குத் தொடுக்கும் வரையில் காத்திராமல், நாமே அளந்து, நாமே எழுதி, நாமே பதிந்து கொடுத்திடுவோமானால், அங்கே வழக்கில்லை, செலவில்லை, 34 ஆண்டுக் காத்திருப்பும் இல்லை. சிவகங்கைப் பெண்கள் தம் மண்ணுக்காக இலண்டன் வரையில் வழக்காடினர். நம் வீட்டுப் பெண்கள் முற்றத்தைக் கூடத் தாண்டிட வேண்டிய தேவை இல்லாதவாறு செய்வது நம்முடைய கையிலே இருக்கிறது.